ஒரு பேஸ்பால் அணியின் 162 ஆட்டங்களைப் பின்தொடர்வது எப்படி?

2012இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் 93 ஆட்டங்களில் வென்று 69இல் தோற்றது. 2019இல் வாஷிங்டன் நேஷனல்ஸும் அதே 93, அதே 69. பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே தரத்து அணிகள். ரன் கணக்கைப் பார்த்தால் கதை வேறு. ஓரியோல்ஸ் அந்த சீசன் முழுவதும் 712 ரன் எடுத்து 705 ரன் கொடுத்தது; நேஷனல்ஸ் 873 எடுத்து 724 கொடுத்தது. ஒன்றுக்கு 7 ரன் உபரி, மற்றதற்கு 149. ஓரியோல்ஸ் அடுத்த ஆண்டு 85 வெற்றிக்கு இறங்கியது. நேஷனல்ஸ் அந்த ஆண்டே, சீசனின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றது.

அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டியான எம்.எல்.பி.யின் அணி ஒன்றை மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர்வரை விடாமல் பின்தொடர விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். ஆட்ட விதிகள் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்கிறோம். வெற்றி தோல்வி எண்ணிக்கை, இதுவரை நடந்ததைத்தான் சொல்லும். இனி என்ன நடக்கக்கூடும் என்று தெரிய வேண்டுமானால் இரண்டைத் தினமும் குறித்துவர வேண்டும்: ரன் வித்தியாசம், பிட்சர்களின் வேலைச்சுமை. இவற்றுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உதாரணத்துக்கு 2019 நேஷனல்ஸையே கையில் எடுத்துக்கொள்வோம். முதல் 50 ஆட்டங்களில் 19 வெற்றி, 31 தோல்வி என்று தடுமாறிய அணி அது. மீதி 112இல் 74ஐ வென்றது. சீசனைப் படிக்கக் கற்க இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

அட்டவணையும் நேரமும்

மொத்தம் 30 அணிகள். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என இரண்டு லீக். ஒவ்வொன்றிலும் 15 அணிகள், ஐந்து ஐந்தாக மூன்று பிரிவுகள். ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள், சுமார் 26 வாரங்களுக்குள். 2023 முதல் தன் பிரிவைச் சேர்ந்த ஒவ்வோர் எதிரணியோடும் 13 முறை மோத வேண்டும். ஆக 52 ஆட்டங்கள் பிரிவுக்குள். அதற்கு முன், 2019இலும், இது 19 ஆக இருந்தது. பழைய சீசன்களோடு ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டை மறக்காதீர்கள். அப்போது பலவீனமான பிரிவில் இருந்த அணிக்கு லாபம் கூடுதல்.

ஆட்டங்கள் தனித்தனியாக அல்ல, தொடர்களாக வரும்: ஒரே ஊரில் அடுத்தடுத்த நாட்களில் மூன்று ஆட்டங்கள், சில சமயம் இரண்டு அல்லது நான்கு. திங்கள் அல்லது வியாழன் ஓய்வாக இருக்கும், எப்போதும் அல்ல. அதனால் ஒற்றைத் தோல்விக்கு மனம் உடைவதில் பொருளில்லை. "இந்தத் தொடரை வென்றதா?" என்று கேளுங்கள். ஒவ்வொரு தொடரிலும் மூன்றுக்கு இரண்டு வென்றாலே 108 வெற்றி வந்துவிடும். அது அபூர்வமான சீசன். மறுமுனையில் 2024இல் 121 ஆட்டங்களில் தோற்ற சிகாகோ ஒயிட் சாக்ஸ்கூட 41இல் வென்றது.

கிழக்குக் கரை நகரங்களில் மாலை 7.05க்குத் தொடங்கும் ஆட்டம் இந்தியாவிலும் இலங்கையிலும் மறுநாள் காலை 4.35. மேற்குக் கரையின் 7.10 ஆட்டம் காலை 7.40. கிழக்கில் பகல் 1.05க்கு நடப்பது நமக்கு இரவு 10.35. பிட்சருக்குக் கடிகாரம் வைத்த 2023இலிருந்து ஆட்டங்கள் பெரும்பாலும் மூன்று மணி நேரத்துக்குள் முடிகின்றன. ஆகவே காலையில் எழுபவர்கள் மேற்குக் கரை ஆட்டங்களை முழுதாகவே பார்க்கலாம். நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தைப் பின்னுக்கு நகர்த்துவார்கள். அதன்பின் எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளும்.

நோட்டில் எப்போதும் அமெரிக்கத் தேதியையே எழுதுங்கள். இந்தியத் தேதியை எழுதினால் இரண்டு வாரத்திலேயே குழப்பம் வரும். மழையால் தள்ளிப்போன ஆட்டத்தை ஒரே நாளில் இரட்டை ஆட்டமாக நடத்தும்போது நோட்டில் ஒரு வரி குறையும், பிட்சர் யார் எப்போது வீசினார் என்ற கணக்கு நழுவும்.

நோட்டில் என்ன எழுதுவது

ஆட்டத்துக்கு ஒரு வரி. ஏழு கட்டங்கள் போதும்:

1. தேதி.
2. எதிரணி, உள்ளூரா, வெளியூரா.
3. இறுதி ஸ்கோர், நம் அணியின் ரன் முதலில்.
4. தொடக்கப் பிட்சர்: எத்தனை இன்னிங்ஸ், எத்தனை பந்து.
5. ஆறாவது இன்னிங்ஸ் முடிந்தபோது ஸ்கோர்.
6. அடுத்து வந்த பிட்சர்கள், ஒவ்வொருவரும் வீசிய பந்துகள்.
7. அன்றுவரை சேர்ந்த ரன் வித்தியாசம்.

ஆட்டம் முடிந்ததும் வெளியாகும் பாக்ஸ் ஸ்கோரில் இத்தனையும் இருக்கும். நிரப்ப ஐந்து நிமிடம் ஆகும். ஆட்டத்தைப் பார்க்காத நாளிலும் நிரப்புங்கள். இடைவெளி விழுந்த நோட்டால் பயன் குறைவு.

மாதிரிக்கு 2019 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம்: அக்டோபர் 30, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ், வெளியூர், 6-2, மேக்ஸ் ஷெர்சர் 5 இன்னிங்ஸ், ஆறு முடிவில் 0-2, பேட்ரிக் கார்பின் 3 இன்னிங்ஸ், டேனியல் ஹட்சன் 1. ஐந்தாவது கட்டத்தைப் பாருங்கள். ஆறு இன்னிங்ஸ் முடிவில் நேஷனல்ஸ் பின்தங்கியிருந்தது. ஏழாவதில் ஆன்டனி ரெண்டானும் ஹோவி கெண்ட்ரிக்கும் ஹோம் ரன் அடிக்க 3-2 என்று மாறியது. கார்பினும் ஹட்சனும் கடைசிவரை ரன் எதுவும் தரவில்லை. ஏழு கட்டங்களுக்குள் ஆட்டத்தின் முதுகெலும்பு முழுதும் வந்துவிட்டது.

ஐந்தாவது கட்டத்தை ஏன் வற்புறுத்துகிறோம் என்றால், தொடக்கப் பிட்சர் பெரும்பாலும் ஐந்து ஆறு இன்னிங்ஸோடு இறங்கிவிடுவார். ஆறு முடிவில் முன்னிலையில் இருந்தும் தோற்ற ஆட்டங்களைச் சுற்றி வட்டமிடுங்கள். பின்தங்கியிருந்தும் வென்றவற்றுக்கு அடிக்கோடிடுங்கள். ஒரு மாதம் கழித்து வட்டங்கள் நெருக்கமாக இருந்தால், நோய் பேட்டிங்கில் இல்லை, புல்பென்னில், அதாவது தொடக்கப் பிட்சருக்குப் பின் இறங்கும் பிட்சர்களிடம், இருக்கிறது.

எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. இன்னிங்ஸ் எண்ணில் வரும் புள்ளி, தசமப் புள்ளி அல்ல. ஓர் இன்னிங்ஸில் மூன்று அவுட். 172.1 என்றால் 172 இன்னிங்ஸும் ஓர் அவுட்டும், 172.2 என்றால் இரண்டு அவுட். கணினித் தாளில் அப்படியே கூட்டினால் விடை தவறும். எல்லாவற்றையும் அவுட்டுகளாக மாற்றிக் கூட்டி, கடைசியில் மூன்றால் வகுங்கள். ஷெர்சர் 2019இல் வீசிய 172.1 இன்னிங்ஸ் என்பது 517 அவுட்.

பட்டியலைப் படிப்பது

புள்ளிகள் கிடையாது, வெற்றி விகிதம்தான் வரிசையைத் தீர்மானிக்கும். பக்கத்தில் ஜி.பி. என்றொரு கட்டம் இருக்கும். முதல் இடத்துக்கு எத்தனை ஆட்டம் பின்னால் என்பது அதில். வெற்றிகளின் வித்தியாசத்தையும் தோல்விகளின் வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அது வரும். 2019 நேஷனல் லீக் கிழக்குப் பிரிவில் அட்லாண்டா பிரேவ்ஸ் 97-65, நேஷனல்ஸ் 93-69. நான்கும் நான்கும் எட்டு, பாதி நான்கு. இரு அணிகளும் சம எண்ணிக்கையில் ஆடாத நாட்களில் இந்த எண் அரை ஆட்டமாகவும் வரும். அப்போது தோல்விக் கட்டத்தைப் பாருங்கள். ஆடாத ஆட்டத்தை இனி வெல்ல முடியும், தோற்றதை மாற்ற முடியாது.

ஆகஸ்ட் கடைசியில் மேஜிக் நம்பர் பேச்சு தொடங்கும். 163இலிருந்து முதல் அணியின் வெற்றிகளையும் இரண்டாம் அணியின் தோல்விகளையும் கழியுங்கள். முதல் அணிக்கு 88 வெற்றி, இரண்டாம் அணிக்கு 66 தோல்வி என்றால் 9. நம் அணி வெல்லும்போதும் போட்டி அணி தோற்கும்போதும் ஒவ்வொன்றாகக் குறையும். பூஜ்ஜியம் ஆனால் இடம் உறுதி.

இதில் ஒரு திருத்தம் தேவை. 2022 முதல், சமநிலையைத் தீர்க்கக் கூடுதல் ஆட்டம் வைப்பதில்லை. இரு அணிகளும் தங்களுக்குள் ஆடியதில் யார் அதிகம் வென்றார் என்று பார்ப்பார்கள். அந்தக் கணக்கு நம் பக்கம் முடிந்துவிட்டால் 163க்குப் பதில் 162 போடலாம். சிறு விஷயம்போலத் தெரியும், அரிசோனா டயமண்ட்பேக்ஸ் ரசிகர்களிடம் கேட்டால் தெரியும் அதன் கனம். 2024இல் நியூயார்க் மெட்ஸ், அட்லாண்டா பிரேவ்ஸ், அரிசோனா மூன்றும் 89-73 என்று முடித்தன. தங்களுக்குள் ஆடிய கணக்கில் அரிசோனா வெளியேறியது. நோட்டின் முதல் பக்கத்திலேயே, உங்கள் அணிக்கும் அதன் நேரடிப் போட்டியாளர்கள் நான்கைந்து பேருக்கும் இடையிலான வெற்றி தோல்வியைத் தனியாக எழுதிவாருங்கள்.

இன்று ஒவ்வொரு லீக்கிலிருந்தும் ஆறு அணிகள் அக்டோபர் நாக் அவுட் கட்டத்துக்குப் போகின்றன: பிரிவு வென்ற மூன்று, மற்றவற்றில் சிறந்த மூன்று (வைல்டு கார்டு). எத்தனை வெற்றி போதும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2023இல் 84 வெற்றியோடு நுழைந்த அரிசோனா உலகத் தொடர்வரை சென்றது. அடுத்த ஆண்டு 89 போதவில்லை. 88 முதல் 90 வரை இலக்காக வைத்துக்கொள்வது நியாயம்.

ரன் வித்தியாசம்

கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எளிது. இங்கே அது இடத்தைத் தீர்மானிக்காது. அணியின் உண்மையான பலத்தைக் காட்டும்.

தோராயமான விதி: முழு சீசனில் பத்து ரன் உபரிக்கு ஒரு வெற்றி. 162இல் பாதி 81. நேஷனல்ஸுக்கு 149ஐப் பத்தால் வகுத்து 81ஓடு கூட்டினால் ஏறக்குறைய 96. உண்மையில் வென்றது 93. அதாவது தகுதிக்குச் சற்றுக் குறைவாகவே வென்றிருக்கிறது. ஓரியோல்ஸுக்கு 7ஐப் பத்தால் வகுத்து 81ஓடு கூட்டினால் 82கூட முழுதாக வராது. வென்றதோ 93. பதினொரு வெற்றி மிகை.

அந்தப் பதினொன்று எங்கிருந்து வந்தது? ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் ஓரியோல்ஸ் 29-9. கூடுதல் இன்னிங்ஸ் ஆட்டங்களில் 16-2. அணியின் கடைசி இன்னிங்ஸ் பிட்சர் ஜிம் ஜான்சன் அந்த ஆண்டு 51 ஆட்டங்களை முன்னிலை கெடாமல் முடித்துக்கொடுத்தார். நல்ல புல்பென்னுக்கு இதில் பங்குண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு ரன் ஆட்டங்களில் நான்குக்கு மூன்று வெல்வதை எந்த அணியாலும் ஆண்டுதோறும் தொடர முடிவதில்லை. 2013இல் அதே ஜான்சன் 50 ஆட்டங்களை முடித்துக்கொடுத்தார், கூடவே ஒன்பதைக் கைவிட்டார். அணி 85-77. நம் அணி ஒரு ரன் ஆட்டங்களில் பெருவெற்றி காணும்போது மகிழுங்கள், அதை அடித்தளமாக மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

சீசன் நடுவில் இந்த விதியைப் பயன்படுத்தும்போது 81க்குப் பதில், ஆடிய ஆட்டங்களில் பாதியைப் போடுங்கள். 50 ஆட்டம் ஆகும்வரை இதற்குப் பெரிய மதிப்புக் கொடுக்க வேண்டாம். 15-1 என்று ஒரு நாள் வென்றால் கணக்கு வீங்கும். பத்துக்கு மேல் ரன் வித்தியாசமுள்ள ஆட்டங்களில் பத்து மட்டும் சேர்த்து இன்னொரு கூட்டல் வைத்துக்கொள்ளலாம். இரண்டு கூட்டல்களும் வெகுதூரம் விலகினால், அணி எளிய நாட்களில் குவித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பிட்சர்கள்: சீசன் நகர்வது இவர்கள் கையால்

நோட்டின் நான்காவது, ஆறாவது கட்டங்கள் சலிப்பூட்டும். விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள், மற்ற எல்லாவற்றையும்விட இவையே முக்கியம்.

ரொட்டேஷன் என்பது ஐந்து தொடக்கப் பிட்சர்களின் சுற்று. ஒருவர் வீசிய பின் நான்கைந்து நாள் ஓய்வு. முழு ஆரோக்கியத்தோடு இருந்தால் ஒருவருக்கு 32 அல்லது 33 ஆட்டம். 2019இல் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் 33, கார்பின் 33, அனிபல் சான்செஸ் 30, ஷெர்சர் 27. நான்கு பேர் மட்டும் 162இல் 123 ஆட்டங்களைத் தொடங்கினார்கள். அணியின் எழுச்சிக்கு எந்த ஒற்றை ஹோம் ரன்னையும்விட இந்த 123தான் காரணம் என்பது எங்கள் உறுதியான கருத்து. உங்கள் அணியின் முதல் நான்கு பிட்சர்களும் ஜூன் கடைசியில் எத்தனை ஆட்டம் தொடங்கியிருக்கிறார்கள் என்று கூட்டுங்கள். ஏறத்தாழ பாதி சீசனில் 60ஐத் தாண்டினால் அணி நிலையாக இருக்கிறது. 45க்குக் கீழே என்றால், ஆறாவது ஏழாவது ஆட்களைக் கொண்டு ஒப்பேற்றுகிறார்கள். அதன் விலையை ஆகஸ்டில் புல்பென் கொடுக்கும்.

பிட்சரை அவர் பெயருக்கு எதிரே இருக்கும் வெற்றி தோல்வியால் அளக்காதீர்கள். ஷெர்சரின் கணக்கு அந்த ஆண்டு 11-7, ஸ்ட்ராஸ்பர்க்குடையது 18-6. ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்று சொல்லும் இ.ஆர்.ஏ. (குறைவாக இருந்தால் நல்லது) பார்த்தால் ஷெர்சர் 2.92, ஸ்ட்ராஸ்பர்க் 3.32. வெற்றி யார் பெயரில் விழும் என்பது, அவர் இறங்கும் நேரத்தில் சக வீரர்கள் எத்தனை ரன் எடுத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. இ.ஆர்.ஏ. கணக்கு இது: பிழையால் வந்த ரன்களை நீக்கி, பிட்சர் பொறுப்பாகும் ரன்களை ஒன்பதால் பெருக்கி, வீசிய இன்னிங்ஸால் வகுக்க வேண்டும். ஸ்ட்ராஸ்பர்க்: 77 ரன், 209 இன்னிங்ஸ், 77ஐ ஒன்பதால் பெருக்க 693, அதை 209ஆல் வகுக்க 3.32.

சீசன் தொடக்கத்தில் சில பிட்சர்களின் இ.ஆர்.ஏ. இடத்தில் முடிவிலிக் குறி இருக்கும். இணையதளக் கோளாறு இல்லை. ரன் கொடுத்து ஓர் அவுட்கூட எடுக்காதபோது வகுக்கும் எண் பூஜ்ஜியமாகிவிடுகிறது. 2019இல் நேஷனல்ஸின் டிரெவர் ரோசன்தால் முதல் நான்கு ஆட்டங்களிலும் ஓர் அவுட்டும் எடுக்கவில்லை. ஜூனில் அணி அவரை விடுவித்தது.

புல்பென்னுக்கு வருவோம். அந்த அணியின் தொடக்கப் பிட்சர்களின் இ.ஆர்.ஏ. 3.53, புல்பென்னுடையது 5.66. ஒரே சீருடையில் இரண்டு அணிகள். மே 23 வரையிலான சரிவைப் படிக்க இந்த இரண்டு எண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சேர்த்துப் பார்த்தால் 4.27 என்ற சாதாரண எண் எல்லாவற்றையும் மறைத்துவிடும். இன்றும் பல பட்டியல்கள் மொத்தத்தையே முதலில் காட்டுகின்றன. பிரித்துக் காட்டும் பக்கத்தைத் தேடிப் பிடியுங்கள், அல்லது நோட்டிலிருந்தே கணக்கிடுங்கள்.

ஆறாவது கட்டத்தைக் கொண்டு தினமும் காலையில் ஒரு கேள்விக்கு விடை காணலாம்: இன்று யார் வீச முடியாது? முந்தைய இரண்டு நாளும் வீசியவர் பெரும்பாலும் இன்று ஓய்வில் இருப்பார். நேற்று 25 பந்துகளுக்கு மேல் வீசியவரும் அப்படியே. தொடக்கப் பிட்சர் நேற்று மூன்றாவது இன்னிங்ஸிலேயே இறங்கியிருந்தால் இன்று புல்பென் காலி. அந்த நிலையில் மேலாளர் ஒரு தொடக்கப் பிட்சரை 105, 110 பந்துகள்வரை நிற்கவைத்தால், "ஏன் மாற்றவில்லை?" என்ற கோபத்துக்கு நோட்டில் பதில் இருக்கும். 2020 முதல், இறங்கும் பிட்சர் இன்னிங்ஸ் முடியாதவரை குறைந்தது மூன்று பேட்டர்களைச் சந்திக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஒரே ஒருவருக்காக ஆளை மாற்றும் பழைய உத்தி இப்போது செல்லாது.

பேட்டிங்குக்கு ஒரே ஓர் எண்

பேட்டிங் சராசரியை ஓரமாக வையுங்கள். அவுட் ஆகாமல் பேஸுக்குப் போகும் விகிதத்தைப் பாருங்கள். ஹுவான் சோட்டோ 2019இல் 542 முறை ஆடி 153 ஹிட், சராசரி .282. நல்ல எண், அவ்வளவுதான். ஆனால் 108 முறை வாக் வாங்கினார், அதாவது பிட்சரின் நான்கு தவறான பந்துகளால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போனார். அதையும், பந்து பட்டு நடந்ததையும், தியாக ஃபிளைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் விகிதம் .401. ஐந்துக்கு இரண்டு முறை அவர் பேஸில் நின்றார். அவருக்கு முன்னே ஆடிய ரெண்டான் 126 ரன்களை உள்ளே கொண்டுவந்தார். வரிசையில் அடுத்தடுத்து மூன்று பேர் .360க்கு மேல் இருந்தால் அந்த அணிக்கு ரன் வறட்சி நீளாது.

மாதவாரியாக எதைப் பார்க்க வேண்டும்

ஏப்ரலில் எதையும் முடிவு செய்யாதீர்கள். காயப் பட்டியலை மட்டும் கவனமாகப் பாருங்கள். 2019 ஏப்ரல் தொடக்கத்தில் ஷார்ட்ஸ்டாப் டிரே டர்னரின் விரல் முறிந்தது. மே நடுவில்தான் திரும்பினார். ரெண்டானும் சோட்டோவும் சில நாட்கள் வெளியே இருந்தார்கள். 19-31ஐப் பார்த்து மேலாளர் டேவ் மார்டினெஸை நீக்கச் சொன்னவர்கள் இந்தப் பட்டியலை எதிரே வைத்துப் படித்திருந்தால் பொறுத்திருப்பார்கள். தோல்வியைக் குறிக்கும்போது, அன்று ஆட முடியாத முக்கிய வீரர்களின் பெயரைச் சுருக்கமாக ஓரத்தில் எழுதுவது இதற்காகத்தான். நிர்வாகம் பிட்சிங் பயிற்சியாளரை மே தொடக்கத்தில் மாற்றியது, மேலாளரை வைத்துக்கொண்டது.

இப்போதைய விதிப்படி ஆடும் பட்டியலில் 26 பேர். அவர்களில் பிட்சர்கள் 13க்கு மேல் கூடாது. காயப் பட்டியலுக்குப் போகும் பேட்டர் குறைந்தது 10 நாள், பிட்சர் 15 நாள் வெளியே. 60 நாள் பட்டியலும் உண்டு; அதில் பெயர் வந்தால் அணியின் 40 பேர் கொண்ட பெரிய பட்டியலில் ஓர் இடம் காலியாகும், புதிய ஆள் வருவார். இந்த மாற்றங்கள் தினமும் வெளியாகும். பிட்சர் ஒருவரைக் கீழ்நிலை அணிக்கு அனுப்பி, புதிதாக ஒருவரை வரவழைத்தால் நேற்றைய ஆறாவது கட்டத்தைத் திரும்பிப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

ஜூலை கடைசியையொட்டி வீரர் பரிமாற்றத்துக்குக் கெடு. அதற்கு ஒரு வாரம் முன்பு நோட்டை எடுத்து உட்காருங்கள். வட்டமிட்ட ஆட்டங்கள் எத்தனை, முதல் நான்கு பிட்சர்களின் ஆட்டங்கள் எத்தனை, ரன் வித்தியாசம் என்ன என்று பாருங்கள். அணிக்கு எது தேவை என்று நீங்களே எழுதிவைத்துவிட்டு, நிர்வாகம் செய்வதோடு ஒப்பிடுங்கள். 2019இல் நேஷனல்ஸின் பொது மேலாளர் மைக் ரிஸோ ஜூலை 31 அன்று வாங்கிய மூவரும் புல்பென் பிட்சர்கள்: டேனியல் ஹட்சன், ரோனிஸ் எலியாஸ், ஹன்டர் ஸ்டிரிக்லண்ட். பெரிய பெயர் ஒன்றும் இல்லை என்று ரசிகர்கள் சலித்துக்கொள்ளும் நாள் அது. மூன்று மாதம் கழித்து உலகத் தொடரின் கடைசி அவுட்டை எடுத்தவர் ஹட்சன்.

ஆகஸ்டில் தளர்ச்சி தெரியும். ஓய்வில்லாமல் பதினைந்து நாளுக்கு மேல் தொடரும் பயணங்களை அட்டவணையில் முன்கூட்டியே அடையாளமிட்டு வையுங்கள். செப்டம்பர் முதல் நாள் பட்டியல் 28 பேராகும். அந்த மாதத்து ஸ்கோர்களில் முன்பின் தெரியாத பெயர்கள் கூடும். வாய்ப்பிழந்த அணிகள் இளைஞர்களை இறக்கிப் பார்க்கும்; அவற்றுக்கு எதிராகக் குவியும் ரன்களைச் சற்றுக் குறைத்தே மதிப்பிடுங்கள்.

செப்டம்பர் 3, 2019க்கான வரி: நேஷனல்ஸ் 11, மெட்ஸ் 10. கடைசி இன்னிங்ஸில் 4-10 என்று பின்தங்கி, ஏழு ரன் எடுத்து, கர்ட் சுசுகியின் ஹோம் ரன்னில் வென்ற ஆட்டம். ஒன்பதாவதின் முதல் பாதியில் புல்பென் ஐந்து ரன் கொடுத்திருந்ததும் அதே வரியில்தான் இருக்கிறது. கொண்டாடிவிட்டு அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபரில் நோட்டை மாற்றிப் படிக்க வேண்டும்

நாக் அவுட் கட்டத்தில் ஓய்வு நாட்கள் அதிகம். ஐந்தாவது தொடக்கப் பிட்சர் தேவைப்படுவதில்லை, புல்பென்னின் கடைசி நான்கு பேரும் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே முழு அணியின் சராசரிகள் இங்கே ஏமாற்றும். முதல் மூன்று தொடக்கப் பிட்சர்களையும் முதல் இரண்டு மூன்று புல்பென் பிட்சர்களையும் மட்டும் தனியே எடுத்துக் கணக்கிடுங்கள். 5.66 என்ற புல்பென்னோடு நேஷனல்ஸ் எப்படி வென்றது என்பதன் விடை இதுதான். மார்டினெஸ் தன் தொடக்கப் பிட்சர்களையே இடையில் இறக்கினார். மில்வாக்கி புரூவர்ஸுக்கு எதிரான வைல்டு கார்டு ஆட்டத்தில் ஷெர்சர் ஐந்து இன்னிங்ஸ் வீச, ஸ்ட்ராஸ்பர்க் வந்து மூன்று இன்னிங்ஸ் ரன் தராமல் வீசினார். எட்டாவதில் சோட்டோ அடித்த பந்து வலது களத்தில் நழுவ, மூன்று ரன் வந்து 4-3. 106 ஆட்டம் வென்ற லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு எதிராக ஷெர்சர் எட்டாவது இன்னிங்ஸுக்கு வந்தார். ஹூஸ்டனில் கார்பின் வந்தார். எஞ்சிய இன்னிங்ஸ்களில் பெரும்பகுதியை ஹட்சனும் ஷான் டூலிட்டிலும் சுமந்தார்கள்.

உள்ளூர் வெளியூர்க் கட்டத்துக்கும் இங்கே அதிக எடை தராதீர்கள். அந்த உலகத் தொடரின் ஏழு ஆட்டங்களையும் வெளியூர் அணியே வென்றது. கூடுதல் இன்னிங்ஸில் இரண்டாவது பேஸில் ஆளை நிறுத்தித் தொடங்கும் விதி நாக் அவுட்டில் கிடையாது. அதனால் ஆட்டம் நீளும், அடுத்த நாளைக்கான புல்பென் கணக்கு அதிலேயே கரைந்துவிடலாம்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு பிட்சருக்கும் சீசனையும் அக்டோபரையும் சேர்த்து மொத்த இன்னிங்ஸைக் கூட்டி எழுதுங்கள். ஸ்ட்ராஸ்பர்க்குக்கு 209ஓடு 36.1 சேர்ந்து 245.1. உலகத் தொடரின் சிறந்த வீரர் அவரே. அதன்பின் ஓய்வு பெறும்வரை அவர் தொடங்கிய ஆட்டங்கள் எட்டு மட்டுமே. காரணம் ஒன்றல்ல, பல இருக்கலாம். என்றாலும் அடுத்த மார்ச்சில் புதிய நோட்டைத் திறக்கும்போது முதல் பக்கத்தில், ஒருவருக்கொருவர் ஆடிய கணக்குக்கு மேலே, இந்த மொத்தங்கள் இருக்க வேண்டும்.